செப்பேட்டில் உறங்கிய பாட்டு

நம் சங்கத்துக் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய முயற்சி வேர்விட்டு வருகின்றது. இசை பயின்ற பிள்ளைகள், சபையின் அழைப்புக்கோ இசைத்தட்டு நிறுவனத்தின் தயவுக்கோ காத்திராமல், தாமே பாட்டு இயற்றித் தாமே மெட்டமைத்து, வீட்டின் ஒரு மூலையிலேயே பாடிப் பதிந்து, இணையத்தின் வழியே உலகத்தார் முன் வைத்துவிடுகின்றார்கள். ஒரு தலைமுறைக்கு முன் பெரும்பொருள் உடையோர்க்கே கைகூடிய செயல் இது. இன்று நல்லதோர் ஒலிவாங்கியும் ஒரு கணிப்பொறியும் இருந்தால் பள்ளிப் படிப்பை முடித்த பெண்ணொருத்தி தனியே செய்து முடிக்கின்றாள்.

பெற்றோர் இதனை ஒரு கண்ணால் மகிழ்ந்தும் மறு கண்ணால் அஞ்சியும் பார்க்கின்றார்கள். கடல் கடந்து வந்து பாடுபட்டுச் சேர்த்த பொருளில் ஒரு பகுதி பிள்ளையின் பாட்டுக்குச் செலவாகின்றது. இதனால் ஒரு வேளைச் சோறாவது கிடைக்குமா என்பது அவர்கள் கேள்வி. பிள்ளைகளோ, பாட்டை வெளியிட்டாயிற்று, இனி உலகம் தானே கேட்கும் என்று நம்பி இருக்கின்றார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், கேட்டவர் தொகை உற்றார் உறவினர் தொகையைத் தாண்டியிராது. அப்போது அந்த இளம் உள்ளம் படும் துன்பத்தை அருகிலிருந்து கண்டவர்களே அறிவார்கள். சிலர் அத்துடன் பாடுவதையே விட்டுவிடுகின்றார்கள்.

அஞ்சும் பெற்றோர்க்கும் சோர்ந்த பிள்ளைகளுக்கும் சொல்லத்தக்க விடை ஒன்று உண்டு. அதனை நாம் அனைவரும் அறிந்த ஓர் ஊரின் வரலாற்றிலிருந்தே எடுத்துக் காட்டலாம். அவ்வூர் திருப்பதி.

மலைமேல் ஒரு சிறிய அறை

பழந்தமிழ் நூலார் தமிழகத்தின் வடவெல்லையாகக் கொண்ட வேங்கடம் அதுவே. எந்த நாட்டில் குடியேறினாலும், ஊருக்குத் திரும்பும்போது முடியிறக்கவும் நேர்த்திக்கடன் செலுத்தவும் நம்மவர் அங்கே செல்லத் தவறுவதில்லை. ஆனால் அம்மலைக் கோயிலில் உண்டியலுக்கு எதிர்ப்புறமாக, கல்லால் கட்டிய சிறிய அறை ஒன்று இருப்பதைக் கவனித்தவர் சிலரே. சங்கீர்த்தன பண்டாரம் என்பது அதன் பெயர். பொன்னும் மணியும் வைக்கும் பண்டாரம் எல்லாக் கோயில்களிலும் உண்டு. இது பாட்டுகளை வைத்த பண்டாரம்.

கடப்பை நாட்டுத் தாளப்பாக்கம் என்னும் ஊரில் 1408-ஆம் ஆண்டு பிறந்து, 1503-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தவர் அன்னமாச்சாரியார். திருவேங்கடத்தான்மீது தெலுங்கில் அவர் பாடிய பாடல்கள் 32,000 என்று மரபு கூறும். அவர் மறைந்தபின், பதினாறாம் நூற்றாண்டின் முற்பாதியில், அவருடைய மகன் பெரிய திருமலாச்சாரியார் முன்னின்று தந்தையின் பாடல்களைச் செப்பேடுகளில் பொறிப்பித்தார். ஓலையைக் கறையான் தின்னும், செம்பைத் தின்னாது என்று எண்ணியிருக்க வேண்டும். மகனும் பேரனுமே பாடல் இயற்ற வல்லவர்களாதலால், அவர்கள் பாடல்களும் உடன் பொறிக்கப்பட்டன. தம் குடும்பத்தின் இசையைத் தாமே முயன்று, தம் பொறுப்பிலேயே நிலைபெறச் செய்த குடும்பம் அது. இன்றைய சொல்லில் கூறினால், அவர்கள் தம் இசையைத் தாமே வெளியிட்டவர்கள்.

செம்பு தன் கடமையைச் செய்தது, எழுத்து அழியவில்லை. ஆனால் காலம் மாறிற்று. 1565-ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தது. அரசும் ஆதரவும் கைமாறின. அறைக்குள் வைத்த ஏடுகள் அறைக்குள்ளேயே இருந்தன. காம்பெல் என்னும் ஆங்கிலேயர் 1816-இல் வெளியிட்ட தெலுங்கு இலக்கண நூலில் இவ்வேடுகளைப் பற்றிக் குறித்திருக்கின்றார். ஆயினும் அவற்றை எடுத்துப் பாடுவார் எவரும் இலர். இருபதாம் நூற்றாண்டில், 1920-களில், அவ்வேடுகள் வெளிக்கொணரப் பெற்றன. சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி முதலிய அறிஞர்கள் அவற்றைப் படித்துப் படியெடுத்து, அவை நூல் வடிவம் பெற உழைத்தார்கள். 2,000-க்கு மேற்பட்ட செப்பேடுகளும், 12,000-க்கு மேற்பட்ட பாடல்களும் உலகுக்குத் தெரியவந்தன.

இங்கேதான் நாம் நின்று எண்ண வேண்டும். ஏடுகளில் பாடலின் சொல் இருந்தது. ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும் இராகத்தின் பெயர் இருந்தது. மெட்டு இல்லை, சுரக் குறிப்பு இல்லை. அன்னமாச்சாரியார் எவ்வாறு பாடினார் என்பதைச் செம்பு சொல்லவில்லை. குருவிடமிருந்து சீடனுக்கு, வாயிலிருந்து செவிக்கு வர வேண்டிய அந்தப் பகுதி, இடையில் பாடுவார் குறைந்தமையால் காற்றோடு போயிற்று. முற்றிலும் போகவில்லை என்பதும் உண்மை. திருமலையில் இரவு ஏகாந்த சேவையின்போது தாளப்பாக்கம் மரபினர் தாலாட்டுப் பாடும் வழக்கம் இருந்து வந்திருக்கின்றது. நாள்தோறும் பாடுவதற்கு ஒரு நேரமும், பாடுவதற்கு ஒருவரும், கேட்பதற்கு ஓர் இறைவனும் இருந்த இடத்தில் பாட்டு பாட்டாகவே இருந்தது. மற்றவை ஏடாக இருந்தன.

பிறகு அவை எழுந்தது எவ்வாறு? நூலாக அச்சிட்டவுடன் எழுந்துவிடவில்லை. இராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற பெரும் புலவர் பல பாடல்களுக்குப் புதிதாக மெட்டமைத்தார். நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி மேடைதோறும் அவற்றைப் பாடினார். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1978-இல் அன்னமாச்சாரியார் திட்டம் என ஒன்றைத் தொடங்கிற்று. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் திருப்பதியில் மறைந்த கரிமெள்ள பாலகிருஷ்ணபிரசாத், அத்திட்டத்தில் பல்லாண்டு பணியாற்றி, நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு இசை தந்தார்; தாமும் பாடினார், பிறர்க்கும் கற்பித்தார். 1980-ஆம் ஆண்டை ஒட்டி எம்.எஸ். சுப்புலட்சுமி தேவஸ்தானத்தின் முயற்சியில் பாடிய பாலாஜி பஞ்சரத்தின மாலை இசைத்தட்டுகள், அப்பாடல்களைத் தெலுங்கு அறியாத தமிழ் இல்லங்களுக்குள்ளும் கொண்டு சேர்த்தன. திருப்பதி நகரில் அவ்வம்மையாருக்கு 2006-ஆம் ஆண்டு வெண்கலச் சிலை எழுப்பியதற்கு இப்பணியின் நினைவும் ஒரு காரணம் எனலாம்.

சுமார் 400 ஆண்டுகள் பாட்டு பத்திரமாக இருந்தது. ஆனால் கேட்பாரின்றி இருந்தது. பாடுவார் வந்த சில பத்து ஆண்டுகளில் தென்னாடெங்கும் பரவிற்று. வைப்பது வேறு, கேட்பிப்பது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஏடில்லாமல் வாழ்ந்த குரல்

இதற்கு நேர்மாறான ஒன்றைத் திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தூரின் பெயர் நினைவூட்டுகின்றது. பழைய வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்தெடுத்த பகுதிகளைக் கொண்டு 1911-இல் அமைந்த அம்மாவட்டத்தில், வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் ஒரு மொழியும் பேசி வளர்ந்தவர் பலர். அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு இசையுலகெங்கும் கொண்டு சென்றவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1898-இல் பிறந்து 1975-இல் மறைந்த அவர், காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் மாணவர். 1954-ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். அவரிடம் பயின்ற மதுரை சோமுவின் குரலை நம்முள் பலர் கேட்டிருப்போம்.

நாயனா பிள்ளை 1934-இல் காலமானவர். தாளத்தில் அவர்க்கு நிகர் அரிது எனப் பேசப்பட்டவர். கிராமபோன் தட்டுகள் வீட்டுக்கு வீடு சுழன்ற அந்நாளிலும், அவர் தட்டில் பாட இசையவில்லை என்பர். ஆகவே அவருடைய குரலைக் கேட்கும் பேறு நமக்கில்லை. ஆயினும் அவருடைய பாட்டு மறைந்துவிடவில்லை. சித்தூராரின் பல்லவியில் அது இருந்தது. அவர் வழியே சோமுவின் பாட்டிலும் அதன் சாயல் தெரிந்தது. ஏடு இன்றி, தட்டு இன்றி, செவி ஒன்றினாலேயே ஓர் இசை மூன்று தலைமுறை நடந்து வந்தது.

தட்டு வேண்டா என்று சொல்வதற்காக இதனைக் கூறவில்லை. ஆசானுடைய குரல் ஒரு நாழிகை அளவேனும் பதிவாகியிருந்தால் நாம் எவ்வளவு மகிழ்ந்திருப்போம்! செப்பேடும் வேண்டும், சீடனும் வேண்டும். ஒன்றிருந்தால் மற்றது தானே வரும் என்று எண்ணுவதே பிழை.

இன்றைய செப்பேடு எத்தகையது?

இனி நம் பிள்ளைகளின் செயலுக்கு வருவோம். யூடியூபில் எவரும் நேரே பாட்டை ஏற்றிவிடலாம். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற இசைச்சாலைகளோ பெரும்பாலும் பாடகரிடமிருந்து நேரே வாங்குவதில்லை; இடையே வினியோக நிறுவனம் ஒன்று வேண்டும். அந்நிறுவனம் ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட உலகப் பொதுக் குறியீடு ஒன்றைப் பெற்றுத் தந்து, பாட்டைக் கடைகள்தோறும் அனுப்பி, வரும் வருவாயைச் சேர்த்துத் தருகின்றது.

இதில் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. டிஸ்ட்ரோகிட் போன்ற சில நிறுவனங்கள் ஆண்டுக் கட்டணம் வாங்குகின்றன. கட்டணம் நின்றால், தனியே மேற்பணம் கட்டி வைத்தாலன்றிப் பாட்டு கடைகளிலிருந்து இறக்கப்படலாம். சிடி பேபி போன்றவை ஒருமுறைக் கட்டணமும் வருவாயில் ஒரு பங்கும் எடுத்துக்கொள்ளும் முறையைப் பின்பற்றி வந்திருக்கின்றன. எது நன்று என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது. ஆனால் குடக்கூலி கொடுத்து இருக்கும் வீட்டைச் சொந்த வீடென்று மயங்கலாகாது. பெரிய திருமலாச்சாரியாரின் செம்பு, ஒருமுறை பொறித்தபின் எவரிடமும் ஆண்டுக் கட்டணம் கேட்கவில்லை!

கூலி கொடுத்தாலும் வீடு நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மைஸ்பேஸ் என்னும் தளம் ஒரு காலத்தில் உலகெங்கும் உள்ள இளம் பாடகர்களின் முதல் மேடையாக இருந்தது. 2003 முதல் 2015 வரை அதில் ஏற்றிய பாட்டுகள், ஓர் இடத்திலிருந்து வேறோர் இடத்துக்கு மாற்றும் பணியின்போது அழிந்துபோயின என்று 2019-ஆம் ஆண்டு அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. அழிந்தவை 5 கோடிப் பாட்டுகள் என மதிப்பிட்டனர். நம் இந்தியாவில் பலர் பயன்படுத்திய விங்க் மியூசிக் 2024-இல் மூடப்பட்டது. எனவே இளைஞர்க்கு முதல் வேண்டுகோள் இது: பாட்டின் மூலப் பதிவையும், குரலும் கருவிகளும் தனித்தனியே உள்ள பதிவுகளையும், பாட்டின் வரிகளையும் சுரத்தையும், நும் கையில் ஒன்று, வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் ஒன்று, இணையக் கிடங்கில் ஒன்று என மூன்று இடத்தில் வையுங்கள். தாளப்பாக்கத்தார் செம்பில் விட்டுப்போன சுரத்தை நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

வருவாயின் கணக்கு

பெற்றோர் கேட்கும் கேள்விக்கு மறைக்காமல் விடை சொல்ல வேண்டும். இசைச்சாலைகளில் ஒரு முறை கேட்பதற்கு இவ்வளவு என்னும் நிலையான விலை கிடையாது. திரண்ட வருவாயை, கேட்கப்பட்ட அளவுக்கேற்ப உரிமையாளர்களிடையே பகிர்கின்றார்கள். ஒருவர் பங்குக்கு ஒரு முறைக்கு வருவது மிகச் சிறிய தொகை. 2024-ஆம் ஆண்டு தொடங்கி, ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையேனும் கேட்கப்பட்டால்தான் அதன் ஒலிப்பதிவுக்குப் பங்கு உண்டு. யூடியூபில் விளம்பர வருவாய் பெறுதற்கு, 1,000 உறுப்பினரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்ட கணக்கும் வேண்டும். குறும்படங்களுக்கு வேறு கணக்கு உண்டு. புதிதாகப் பாட வந்தவர்க்கு இவ்வழியில் முதலாண்டில் கருவி வாங்கிய செலவுகூடத் திரும்புவது அரிது.

வேறு வழியும் இருக்கின்றது. 2008-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் என்னும் கடையில், கேட்பவர் பாடகர் குறித்த விலையைக் கொடுத்துப் பாட்டை வாங்கிக்கொள்ளலாம். விரும்பினால் மிகுதியாகவும் கொடுக்கலாம். பதிவாக விற்கும் பாட்டுக்குக் கடை எடுத்துக்கொள்வது 15 விழுக்காடு. பணம் செலுத்தும் செலவு தனி. ஒரு பாட்டுத் தொகுதியை 5 டாலருக்கு 100 பேர் வாங்கினால், வரும் 500 டாலரில் கடைப் பங்காகிய 75 டாலரும் சில்லறைச் செலவும் போக மிகுதி பாடகரைச் சேரும். முகம் தெரியாத பல்லாயிரவர் ஓடும் பேருந்தில் அரைகுறையாகக் கேட்பதைவிட, நூறு பேர் விலை கொடுத்து வாங்கி விருப்பத்தோடு கேட்பது புதிய பாடகரைத் தாங்கும் என்பது இதனால் விளங்கும். நூறு பேரைத் திரட்டுவது எளிதன்று. ஆயினும் மனித முயற்சிக்கு எட்டாததும் அன்று.

பாட்டு யாருடையது?

பரவாத பாட்டின் துன்பம் ஒருவகை. பரவிய பாட்டின் துன்பம் மற்றொரு வகை. 2021-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள் யூடியூபில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யை அறியாதவர் நம்மில் இலர். அறிவும் தீயும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசையமைப்பாளர். கனடாவிலிருந்து இயங்கிய மாஜா என்னும் அமைப்பு வெளியிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்க்கை அதில் இருக்கின்றது என்று அறிவு கூறியிருக்கின்றார். குடிபெயர்ந்தோரின் கதை, குடிபெயர்ந்தோரின் முயற்சியால் வெளிவந்து, பல கோடி முறை கேட்கப்பட்டது.

பிறகு நடந்தவை நாளேடுகளில் வந்தவையே. அப்பாட்டின் புகழில் யாருக்கு எவ்விடம் என்னும் கேள்வி 2021-இலும், சென்னையில் சதுரங்க ஒலிம்பியாடு நடந்த 2022-இலும் பொதுவெளியில் எழுந்தது. 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அப்பாட்டிலிருந்து அதுவரை தமக்கோ மற்ற இருவர்க்கோ வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. நாம் அறிந்துகொள்ள வேண்டுவது ஒன்றே: உலகப் புகழ் பெற்ற பாட்டுக்கும் இந்நிலை வரும் என்றால், நம் வீட்டுப் பிள்ளையின் பாட்டுக்கு எழுத்துமூலமான ஏற்பாடு எவ்வளவு இன்றியமையாதது!

ஆகவே, ஒலிவாங்கியின் முன் நிற்பதற்கு முன்னரே ஒரு தாளை எடுத்து எழுதிவிடுவது நன்று. பாட்டை எழுதியவர் யார், மெட்டு யாருடையது, பாடியவர் யார், கருவி வாசித்தவர் யார், மூலப் பதிவு யார் பெயரில் இருக்கும், வரும் பணத்தில் யார்க்கு என்ன பங்கு என்பவற்றைத் தமிழிலேயே எழுதி எல்லோரும் கையொப்பம் இடலாம். நண்பர்களுக்குள் இது எதற்கு என்று கூச்சப்படுவார்கள். நட்பு நீடிக்க வேண்டும் என்பதற்காகவே இத்தாள் வேண்டும். பாட்டியின் ஒப்பாரியையோ அத்தையின் ஏற்றப்பாட்டையோ எடுத்தாண்டால் அவர்கள் பெயரையும் அத்தாளில் எழுத வேண்டும். இத்தகைய பாட்டுக்கு ஊர்ப்பொது என்று பெயரிட்டுப் பாடியவர் பெயரை மறப்பது நம்மிடையே நெடுநாள் வழக்கமாகிவிட்டது.

சட்டத்தையும் சிறிது அறிதல் வேண்டும். ஒரு பாட்டில் இருவகை உரிமை உண்டு: ஒன்று சொல்லுக்கும் மெட்டுக்கும் உரியது, மற்றொன்று ஒலிப்பதிவுக்கு உரியது. வினியோக நிறுவனம் பெரும்பாலும் பின்னதற்குரிய பணத்தையே சேர்த்துத் தரும். முன்னதற்குரியதைப் பெற, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் அந்தந்த நாட்டு உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். இந்தியாவில் ஐ.பி.ஆர்.எஸ்., கனடாவில் சோக்கன், பிரிட்டனில் பி.ஆர்.எஸ்., சிங்கப்பூரில் காம்பஸ், மலேசியாவில் எம்.ஏ.சி.பி. ஆகியவை இத்தகையன. 2012-இல் திருத்திய இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தாலும், வருவாயில் சமபங்கு பெறும் உரிமையைக் கைவிடச் செய்ய முடியாது. இதனை அறியாமல் கையொப்பமிடுபவர் பலர்.

பிறர் உரிமையையும் மதிக்க வேண்டும். அன்னமாச்சாரியாரின் சொல் அனைவர்க்கும் பொது. ஆனால் அதற்கு நம் காலத்தில் மெட்டமைத்தவரின் உரிமை, இந்தியச் சட்டப்படி அவர் மறைந்தபின்னும் 60 ஆண்டு நீடிக்கும். யார் மெட்டு என்று கேட்டறிந்து, வேண்டிய இசைவைப் பெற்று, பெயரைக் குறித்தே வெளியிடுவது முறை.

செவியைத் தேடும் வழி

இனிப் பாட்டைக் கேட்பிப்பது எவ்வாறு? இத்தனை ரூபாய்க்கு இத்தனை ஆயிரம் செவிகள் என்று விற்பவர்கள் இணையத்தில் இருக்கின்றார்கள். அவர்களை அண்ட வேண்டா. அவர்கள் தருவது பொறிகள் எழுப்பும் பொய்க் கணக்கு. கண்டுபிடித்தால் இசைச்சாலைகள் பாட்டையே நீக்கிவிடுகின்றன; வினியோக நிறுவனத்தின்மீது தண்டமும் விதிக்கின்றன. கூலி கொடுத்துக் கூட்டம் சேர்த்த திருமணத்தில் வாழ்த்துவார் யார்?

திருமலைப் பாடல்கள் எழுந்த வழியே நமக்கும் வழி. அங்கே நடந்தவை நான்கு: அறிஞர் சொல்லைப் படித்து விளக்கினர், இசைவாணர் மெட்டமைத்தனர், பாடகர் மேடைதோறும் திரும்பத் திரும்பப் பாடினர், ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். இளைஞரும் இந்நான்கையும் செய்யலாம். பாட்டோடு அதன் பொருளையும் பிறந்த கதையையும் பத்து வரியில் எழுதி வெளியிடுங்கள். இங்கே பிறந்து தமிழ் தடுமாறும் தம்பி தங்கையர்க்கு வரிகளை அச்சிட்டுக் கொடுங்கள். ஒரே பாட்டை ஒரு முறை ஏற்றிவிட்டு அடுத்ததற்கு ஓடாமல், வீணையுடன் ஒரு முறை, தனிக் குரலில் ஒரு முறை, பிள்ளைகள் சேர்ந்து ஒரு முறை எனப் பாடி வையுங்கள். மற்றவர் கற்றுக்கொள்ளச் சுரத்தோடு மெல்லப் பாடிக் காட்டுங்கள். கற்றுக்கொண்ட ஒருவர், கேட்டுவிட்டுப் போன நூறு பேருக்குச் சமம். கேட்டு மகிழ்ந்தவர்களின் இசைவுடன் அவர்கள் முகவரியை நும்மிடமே ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். தளங்கள் மாறலாம், மூடலாம். அந்த ஏடு நும்முடையது.

சங்கமும் இல்லமும் செய்ய வேண்டுவன

பாடுவார்க்கு மட்டும் அறிவுரை கூறி முடித்தல் நேர்மையாகாது. தாளப்பாக்கத்துப் பாடல்கள் உறங்கியது இயற்றியவர் குற்றத்தாலன்று. கேட்க வேண்டியவர் கேளாமையாலேயே. அந்தப் பொறுப்பு நம்முடையது.

நம் பொங்கல் விழாவிலும் சித்திரைத் திருநாளிலும் திரைப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குகின்றோம். அதில் அரை மணி நேரத்தை நம் பிள்ளைகள் தாமே இயற்றிய பாட்டுக்கு ஒதுக்கலாகாதா? ஒலிபெருக்கிக்காரர்க்குக் கூலி கொடுக்கின்றோம், பந்தலுக்குக் கொடுக்கின்றோம், சமையலுக்குக் கொடுக்கின்றோம். பாடும் பிள்ளைக்கு மட்டும் பொன்னாடை போதும் என்று எண்ணுகின்றோம். சிறு தொகையாயினும் உறையிலிட்டுக் கொடுப்பதே முறை. பாடுவதும் ஓர் உழைப்பு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள், உழைப்பை நம்பிக் கடல் கடந்து வந்த நாமே.

உறவினர் பிள்ளை பாட்டின் முகவரியை அனுப்பினால், கேளாமலே ‘அருமை’ என்று எழுதி அனுப்பிவிடுகின்றோம். அதைவிடக் கொடிய மௌனம் வேறில்லை. முழுவதும் கேளுங்கள். எந்த இடம் நெஞ்சைத் தொட்டது, எந்த இடத்தில் சொல் விளங்கவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். விற்பனைக்கு வைத்திருந்தால் ஒன்று வாங்குங்கள். ஒரு திரைப்படச் சீட்டின் விலைகூட ஆகாது. பிறகு, அதனை விரும்பக்கூடிய ஒருவர்க்கு, ஏன் விரும்புவார் என்பதையும் எழுதி அனுப்புங்கள். நூறு பேர்க்கு வாளா அனுப்புவதைவிட அது மேலானது.

பிள்ளை தொழிலைவிட்டுப் பாட்டையே பிழைப்பாகக் கொள்ளலாமா என்று பெற்றோர் கேட்டால், தொடக்கத்திலேயே வேண்டா என்பதே என் விடை. கைத்தொழிலோ படித்த வேலையோ ஒன்று அடுப்பை எரிக்கட்டும். அவ்வெளிச்சத்தில் பாட்டும் வளரட்டும். பாட்டு தன் காலில் நிற்கும் நாள் வந்தால் அப்போது எண்ணிப் பார்க்கலாம். ஆனால் பணம் வரவில்லை என்பதைக் காட்டிப் பாடுவதையே நிறுத்தச் சொல்லாதீர்கள்.

செம்பில் பொறித்த பாட்டும் செவி கிடைக்கும் வரையில் நானூறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. நம் பிள்ளைகளின் பாட்டு செம்பில் இல்லை. அவ்வளவு காலம் அதனால் காத்திருக்க முடியாது. அடுத்த திங்கள் கூட்டத்துக்கு வரும்போது, நம் சங்கத்துப் பிள்ளை ஒருவர் இயற்றிய பாட்டு ஒன்றையேனும் முழுமையாகக் கேட்டுவிட்டு வருவது என்று ஒவ்வொரு குடும்பமும் உறுதி கொள்ளட்டும்.